கூகுளிடம் கேட்கத் தெரிய வேண்டும்

காலை நடைக்கு வருகிற எங்கள் கூட்டத்தில் எல்லோரும் எழுபதைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். எல்லோர் சட்டைப் பையிலும் ஸ்மார்ட்போன் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்புவதில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் ஒரு விவரம் தேவை என்று வந்துவிட்டால், "சாயங்காலம் பேரன் வரட்டுங், தேடித் தரச் சொல்றேன்" என்கிறார்கள். பேரன் வருகிறான். இரண்டு வார்த்தை தட்டுகிறான். மேலே வந்த முதல் வரியைப் படித்துச் சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுகிறான். தாத்தாவும் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்.

எனக்கு இது பிடிக்கவில்லை. தேடுகிற வேலையில் பேரப்பிள்ளைகளைவிட நாம்தான் கெட்டிக்காரர்களாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. விரல் வேகம் அவர்களுக்கு இருக்கலாம். எதை, எங்கே, எந்தப் பெயரில் வைத்திருப்பார்கள் என்று யோசிக்கிற பழக்கம் ரிஜிஸ்டர் புரட்டிய தலைமுறைக்குத்தான் உண்டு.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக என்னைப் பற்றி ஒரு வரி. பிறந்து படித்தது காரைக்காலில், பிரெஞ்சு வழியில். குமாஸ்தா உத்தியோகம் பார்த்தது தமிழ்நாட்டில். பெண் எடுத்ததும், ஓய்வுக்குப் பிறகு நிலைத்ததும் பொள்ளாச்சியில். உத்தியோகத்தில் பல வருடங்கள் ரெக்கார்டு ரூமில் கழிந்தன. அங்கே மனுதாரர் வந்து நிற்பார். தன் சித்தப்பா எப்படி ஏமாற்றினார், வேலி எந்த ராத்திரியில் நகர்ந்தது என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம் நிறுத்த மாட்டார். கேட்கப் பாவமாக இருக்கும். ஆனால் அந்தக் கதையை வைத்துக்கொண்டு ஒரு கட்டைக்கூட எடுக்க முடியாது. எந்தக் கிராமம், எந்த வருடம், என்ன தலைப்பு? இந்த மூன்றும்தான் வேண்டும். அவர் வாயில் அது "வண்டித்தடத் தகராறு". ரிஜிஸ்டரில் அதற்குப் பெயர் "ஆக்கிரமிப்பு". வண்டித்தடம் என்று தேடினால் ஆயுள் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. எழுதி வைத்த குமாஸ்தா என்ன சொல்லால் எழுதினார் என்று யூகிப்பவன் கையில் ஐந்து நிமிடத்தில் கோப்பு வந்துவிடும்.

கூகுளும் அடிப்படையில் ஒரு ரெக்கார்டு ரூம்தான். நாம் கேட்டவுடன் உலகத்தையெல்லாம் ஓடிப் போய்த் தேடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இணையப் பக்கங்களை முன்கூட்டியே படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு பெரிய அட்டவணை போட்டு வைத்திருக்கிறது. நாம் கேட்கும்போது அந்த அட்டவணையைத்தான் புரட்டுகிறது. லாரி பேஜ், செர்ஜி பிரின் என்ற இரண்டு மாணவர்கள் 1998-ல் இதைத் தொடங்கியபோது செய்த புதுமை, எந்தப் பக்கத்தை மற்ற பக்கங்கள் அதிகமாகச் சுட்டுகின்றனவோ அதை மேலே வைப்பது. இப்போது பொருளையும் ஓரளவு புரிந்துகொள்கிறது, எழுத்துப்பிழையையும் திருத்துகிறது. இருந்தாலும் எங்கோ யாரோ எழுதி வைத்ததைத்தான் அது எடுத்துத் தர முடியும். எழுதியவர் சொல்லும் நம் சொல்லும் ஒட்டாவிட்டால் பக்கம் இருந்தும் இல்லாததுபோலத்தான்.

இதற்கு நம் ஊரிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் புதிதாக ஒரு பூச்சி வந்தது நினைவிருக்கும். இந்தியாவிலேயே அது முதலில் கண்டறியப்பட்டது நம் பகுதியில்தான். கீற்றின் அடிப்பக்கத்தில் வெள்ளை வெள்ளையாகச் சுருள் கோலம் போட்டதுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். அது கழிக்கிற தேன் போன்ற திரவம் கீழ் மட்டைகளில் விழுந்து, அதன்மேல் கரி பூசியதுபோல் பூஞ்சணம் படரும். என் மனைவியின் அண்ணனுக்கு ஆனைமலைப் பக்கம் தோப்பு. அவர் ஒரு நாள் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"மாப்ளே, தென்னை மரத்துல வெள்ளைப் பூச்சி, மருந்துன்னு போட்டுப் பாத்தேனுங். மருந்து விக்கிறவனேதான் வரிசையா வந்து நிக்கிறானுங்" என்றார்.

வராமல் என்ன செய்வான்? "மருந்து" என்று கேட்டால் மருந்து விற்பவன்தான் வருவான். நான் மச்சானிடம் சொன்னேன்: "இந்தப் பூச்சியைப் பத்தி யார் உருப்படியா எழுதியிருப்பாங்க? வேளாண் பல்கலைக்கழகத்துக்காரங்க. அவங்க இதை வெள்ளைப் பூச்சின்னா எழுதுவாங்க?" அவர்கள் வைத்திருக்கும் பெயர் "ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ". அந்தப் பெயரையும் "தென்னை", "கட்டுப்பாடு" என்ற இரண்டு சொற்களையும் போட்டவுடன் பக்கங்களின் முகமே மாறிவிட்டது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் குறிப்புகள் வந்தன. அவற்றின் சாரம், மச்சான் தேடிப் போனதற்கு நேர் எதிரானது. பூச்சிக்கொல்லி அடிக்காதீர்கள். என்கார்சியா என்று ஒரு நுண்ணிய குளவி இந்த ஈயின் குஞ்சுகளுக்குள் முட்டையிட்டு அழிக்கிறது, மருந்தடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், கீற்றின் அடியில் படும்படி தண்ணீரைப் பீய்ச்சுங்கள், கரும்பூஞ்சணத்துக்கு மைதாப் பசை தெளியுங்கள். காய்ந்து உதிரும்போது பூஞ்சணத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு விழும். ஆழியார்நகரில் தென்னை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, சந்தேகம் இருந்தால் நேரிலும் போகலாம். "மருந்து" என்ற ஒரு சொல்லை எடுத்ததில் மச்சானுக்கு மருந்துச் செலவும் மிச்சம், குளவியும் மிச்சம்.

இனிச் சொல்லப்போவது இதன் மறுபக்கம். என் வயதுக்காரர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

எங்கள் வீதியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். கணக்கு வாத்தியார், சுலபத்தில் ஏமாறுகிறவர் அல்ல. வீட்டுச் சாமான் ஒன்று பழுது. எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். கம்பெனி பெயரைப் போட்டு, பக்கத்தில் "கஸ்டமர் கேர் நம்பர்" என்று தட்டினார். மேலேயே பளிச்சென்று ஒரு நம்பர் வந்தது. கூப்பிட்டார். எதிர்முனையில் மிக மரியாதையான தமிழ். புகாரைப் பதிவு செய்ய பத்து ரூபாய் கட்டணம், அதற்கு ஒரு செயலியை இறக்கிக்கொள்ளுங்கள் ஐயா என்றார்கள். அந்தச் செயலி இவருடைய திரையை அவர்கள் பார்க்க வழி செய்வது. சாயங்காலத்துக்குள் அந்த மாதப் பென்ஷனில் பெரும்பகுதி போய்விட்டது.

"ஏனுங் சார், நான் நம்பரைத்தானுங் கேட்டேன். நம்பர்தானுங் வந்துச்சு" என்றார் அவர். இரண்டு மூன்று நாள் முகத்தில் ஈயாடவில்லை.

அவர் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. கேட்டது அப்படியே வந்தது. வேளாண் பல்கலைக்கழகத்துக்காரர் தன் சொல்லில் எழுதுகிறார். நாம் எப்படிக் கேட்போம் என்று அவர் கவலைப்படுவதில்லை. மோசடிக்காரன் அப்படியா? நாம் என்ன சொல்லைத் தட்டுவோம் என்று உட்கார்ந்து யோசித்து, அதே சொல்லை, அதே வரிசையில் எழுதி, வலை விரித்து வைக்கிறான். அதனால் தேடும்போது, நீங்கள் கேட்ட வாக்கியமே எழுத்துப் பிசகாமல் தலைப்பாக வந்து நின்றால் கொஞ்சம் நிதானியுங்கள். நல்லவர்களும் அப்படி எழுதுவதுண்டு. ஆனால் பணம், பென்ஷன், பட்டா, வைத்தியம் இந்த நான்கிலும் அப்படிப்பட்ட பக்கத்தை நான் முதலில் சந்தேகித்துவிட்டுத்தான் பிறகு படிக்கிறேன்.

கம்பெனியின் நம்பரைக் கம்பெனியே எங்கே எழுதியிருக்கும்? பில்லில், வாரண்டி அட்டையில். வங்கியின் நம்பர் ஏடிஎம் கார்டின் பின்புறத்திலும் பாஸ்புத்தகத்திலும் இருக்கிறது. அதற்குக் கூகுளே தேவையில்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும். சைபர் குற்றங்களுக்கான அரசாங்க உதவி எண் அதுதான், மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் மறிக்க வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் மறைத்து வைப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். தேடல் முடிவுகளின் உச்சியில் "ஸ்பான்சர்டு" என்று சின்னதாகப் போட்டு வருபவை காசு கொடுத்து வாங்கிய இடங்கள். பத்திரிகையில் வரிவிளம்பரம் மாதிரி. அவற்றைத் தாண்டிக் கீழே வந்த பிறகுதான் பதில் ஆரம்பிக்கிறது.

இணைய முகவரியைப் படிக்கவும் ஒரு முறை உண்டு. நம் தபால் முகவரி மாதிரிதான் அதுவும். முதலில் வீட்டு எண், பிறகு தெரு, கடைசியில்தான் ஊர். ஊர் பெயரைப் பார்த்துத்தானே தபாலைப் பிரிக்கிறார்கள்? அதுபோல முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அரசாங்கம் என்றால் "கவ் டாட் இன்" என்று முடியும். பழைய தளங்கள் சில "நிக் டாட் இன்" என்று முடியும். நடுவில் எங்கேயோ பட்டா என்றும் தமிழ்நாடு என்றும் கவ் என்றும் எழுதிவிட்டு "டாட் காம்" என்று முடிந்தால் அது தனியார் கடை. வில்லங்கச் சான்று பார்க்கப் போய் இப்படிக் கடையில் காசு கட்டிவிட்டு வந்தவர்களை நான் அறிவேன்.

பிரெஞ்சு விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த பகுதி என்பதால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாரிஸ் பக்கத்தில் இருக்கிற என் அக்கா மகனுக்குத் தன் பாட்டனாருக்குப் பாட்டனார் எப்போது பிறந்தார் என்று தெரிய வேண்டியிருந்தது. பிரெஞ்சு இந்தியாவின் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைப் பிரான்சின் ஏக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த பகுதிகளின் ஆவணக் காப்பகம் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் எல்லாம் உண்டு. "மாமா, நானும் ஒரு மாசமா பாக்குறேன், நம்ம ஆளுங்க பேரே கிடைக்கலை" என்றான். அவன் ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடிக்கொண்டிருந்தான். இத்தனைக்கும் பிரெஞ்சில் தினமும் பேசுகிறவன்.

பதிவேட்டை எழுதிய பிரெஞ்சு குமாஸ்தா நம் பெயரைக் காதால் கேட்டு, தன் நாட்டு வழக்கப்படி எழுதினான். "உ" என்ற ஒலிக்கு அவர்களுக்கு ஓ, யு என்று இரண்டு எழுத்து சேர்ந்து வர வேண்டும். யு-வை மட்டும் போட்டால் அவர்கள் வேறு மாதிரி உதட்டைக் குவித்துவிடுவார்கள். இரண்டு உயிரெழுத்துக்கு நடுவில் ஒற்றை எஸ் வந்தால் இசட் போல ஒலிக்கும், ஆகவே ராமசாமிக்கு இரண்டு எஸ். கடைசியில் "ன்" அப்படியே நின்றால் மூக்கால் சொல்லிவிடுவார்கள், அதனால் முருகனுக்குக் கடைசியில் ஒரு ஈ ஒட்டவைப்பார்கள். குமார் நம் ஊரில் கே-யில் தொடங்குவான், அங்கே சி-யில். பிள்ளை "புல்லே" ஆகிவிடுவார். காரைக்காலே அவர்களுக்கு "கரிக்கால்". பள்ளியில் டிக்தே எழுதும்போது எங்கள் பெயர்களை நாங்களே இப்படித்தான் எழுதினோம், அது ஒரு விசித்திரமாகவே தோன்றியதில்லை.

இதை மருமகனுக்குப் போனில் சொல்லி, அந்தக் குமாஸ்தாவின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு யோசி என்றேன். இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்தப் பதிவேடுகள் கையெழுத்துப் பக்கங்களின் படங்கள். படத்துக்குள் இருக்கும் கையெழுத்தைக் கூகுள் அட்டவணை போடவில்லை. ஆகவே பெயரைக் கூகுளில் தட்டிப் பயனில்லை. காப்பகத்தின் தளத்துக்குள் போய், ஊர், வருடம் இரண்டையும் கொடுத்து, பதிவேட்டைத் திறந்து, பக்கம் பக்கமாகக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். அவன் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தான். கிடைத்துவிட்டது. அந்தக் குமாஸ்தா ஒரே குடும்பத்தில் அண்ணன் பெயரை ஒரு மாதிரியும் தம்பி பெயரை இன்னொரு மாதிரியும் எழுதியிருந்தான். எந்த நாடானாலும் எங்கள் ஜாதி அப்படித்தான்.

ரீயூனியன் தீவிலும் குவாதலூப்பிலும் இருக்கிற தமிழ் வம்சாவளியினருக்கும் இதே பாடுதான். 1848-ல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்த பிறகு, கரும்புத் தோட்டங்களுக்குக் கூலி ஆட்கள் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறினார்கள். அவர்களில் பிரிட்டிஷ் பகுதிக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் ஏராளம். கப்பலில் பெயர் பிரெஞ்சு எழுத்தில் ஏறியது. கிராமத்தில் அதே குடும்பத்தின் பெயர் ஆங்கில எழுத்தில் கிடக்கிறது. இன்றைக்கு அங்கிருந்து வேர் தேடி வருகிறவர்களுக்கு இரண்டு எழுத்துக்கூட்டலும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. என்னைப் போன்ற கிழவர்கள் இன்னும் கொஞ்சம் பேர் மிச்சம் இருக்கிறோம்.

அவ்வளவு தூரம் போவானேன், நம் பக்கத்து மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். டாப்சிலிப்பின் பழைய கதையைத் தேடுகிறவர்கள் டாப்சிலிப் என்றே போட்டால் விடுதி வாடகையும் யானைச் சவாரியும்தான் வரும். பிரிட்டிஷ் வனத்துறையின் பழைய எழுத்தில் அந்த இடம் "மவுண்ட் ஸ்டூவர்ட்". தேக்குக் காட்டை மீட்டெடுத்த வன அதிகாரி ஹ்யூகோ உட் கல்லறை கொண்டிருப்பதும் அங்கேதான். ஆனைமலையை அவர்கள் "அனமலை" என்று ஓர் எழுத்துக் குறைத்து எழுதினார்கள். பாலக்காடு என்றால் "பால்காட்", உடுமலைப்பேட்டை என்றால் "உடுமல்பேட்". பழையதைத் தேட பழைய பெயர்.

நல்லவேளை, 2020-ல் வந்த ஓர் ஆணை நிலைக்கவில்லை. தமிழ்நாட்டில் 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புப்படி மாற்றி அரசாணை வந்ததும், கோயம்புத்தூருக்குப் பெயர்ப்பலகையில் இடம் போதாத அளவுக்கு ஆங்கில எழுத்துகள் சேர்ந்ததும், சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டதும் ஞாபகமிருக்கலாம். நோக்கம் நல்லதுதான். ஆனால் அது நிலைத்திருந்தால் ஒரே ஊருக்குப் பழைய பதிவு ஓரிடத்திலும் புதுப் பதிவு ஓரிடத்திலுமாகக் கிடந்து, ரெக்கார்டு ரூம்காரன் பிழைப்பு நாறியிருக்கும்.

இப்படி யோசிப்பதை ஒரு சாஸ்திரமாகவே செய்தவர் எங்கள் காரைக்காலுக்கு அதிகத் தூரமில்லாத சீர்காழிக்காரர். 1892-ல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்தவரை 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போட்டார்கள். பயிற்சிக்கு லண்டன் போன இடத்தில் ஒரு கடையில் மெக்கானோ பொம்மை செட்டைப் பார்த்தார். அதே துண்டுகளை வேறு வேறு விதமாக முடுக்கி வண்டியும் செய்யலாம், பாலமும் செய்யலாம். புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துக் கோக்கலாமே என்று தோன்றியது. 1933-ல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்புமுறை அதிலிருந்து பிறந்தது. எந்த விஷயமானாலும் எதைப் பற்றியது, அதில் எந்தப் பொருள் அல்லது கூறு, என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம் என்று ஐந்து முகமாகப் பிரிப்பார்.

கூகுள் வருவதற்கு அறுபத்தைந்து வருடம் முந்தியது அது. ஆனாலும் தேடல் பெட்டிக்குள் என்ன எழுதுவது என்று இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. தென்னை, கீற்று, வெள்ளை ஈ கட்டுப்பாடு, பொள்ளாச்சி, 2016. "எங்க தோப்புல மரமெல்லாம் வெளுத்துப் போச்சு என்ன பண்றதுன்னு சொல்லு" என்று எழுதுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் போட்டுப் பார்த்தால் தெரியும். சீர்காழியில் ஒரு சிலை வைத்தால் போதாது, தாலுகா ஆபீஸ் ஒவ்வொன்றிலும் அவர் படம் மாட்ட வேண்டும் என்பேன்.

அந்தக் கோலன், அதாவது முக்காற்புள்ளி, கூகுளிலும் வேலைக்கு ஆகும். "சைட்" என்பதை ஆங்கிலத்தில் எஸ், ஐ, டி, ஈ என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் ஒரு தளத்தின் முகவரியைப் போட்டால் அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடும். வேளாண் பல்கலைக்கழகத்துக்குள் மட்டும் தேட "டிஎன்ஏயு டாட் ஏசி டாட் இன்", தமிழக அரசுத் தளங்களுக்குள் மட்டும் தேட "டிஎன் டாட் கவ் டாட் இன்". விளம்பரக் கடைக்காரர்களை வாசலிலேயே நிறுத்துவதற்கு இது ஒன்றே போதும். இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்ட சொற்றொடரை அப்படியே தேடும், பெயர் தேட உதவும். வேண்டாத சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால் அதை விலக்கும். வேறு தந்திரங்களும் உண்டு, எனக்கு இந்த மூன்றே காலத்தை ஓட்டப் போதுமானதாக இருக்கிறது.

தமிழில் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் மொழியில் உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது. பொள்ளாச்சியில், பொள்ளாச்சிக்கு, பொள்ளாச்சியிலிருந்து என்று வால் நீளும். வாலை வெட்டிவிட்டு "பொள்ளாச்சி" என்று மட்டும் கொடுங்கள். கூட்டுச் சொல்லைச் சேர்த்து ஒருமுறை, பிரித்து ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். தமிழில் கிடைக்காதது ஆங்கிலத்தில் கிடைக்கலாம், மாறியும் நடக்கும். இணையத்தின் ஆரம்ப காலத்தில் ஆளுக்கொரு எழுத்துருவில் தமிழை ஏற்றினார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது கொசகொசவென்றுதான் தெரியும், கூகுளுக்கும் அது தமிழ் என்று விளங்காது. 2010 ஜூனில், நம் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில்தான், தமிழக அரசு யூனிகோடைத் தன் குறியீடாக ஏற்று ஆணையிட்டது. அதற்கு முந்தைய தமிழ்ப் பக்கங்களில் பல இன்னும் ஊமையாகக் கிடக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பழைய புத்தகங்கள் ஸ்கேன் படங்களாகவே நிறைய உண்டு. உள்ளே இருக்கும் வரியைத் தேடாதீர்கள், நூற்பெயரையோ ஆசிரியர் பெயரையோ கொடுத்துப் புத்தகத்தைப் பிடியுங்கள். பிறகு பொருளடக்கம் இருக்கவே இருக்கிறது.

இப்போது புதிதாக, தேடினால் மேலேயே ஏஐ எழுதிய பதில் ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. கோவையான நடை, தயக்கமே கிடையாது. 2024-ல் அமெரிக்காவில் இதைத் தொடங்கிய புதிதில், பீட்சாவில் சீஸ் வழுக்காமல் இருக்கக் கொஞ்சம் பசை சேர்க்கலாம் என்று யோசனை சொல்லி ஊர் சிரித்தது. யாரோ எப்போதோ வேடிக்கையாக எழுதியதை எடுத்து உண்மை மாதிரி போட்டுவிட்டது. நான் அதைப் படிக்காமல் இருப்பதில்லை. புதிதாகச் சேர்ந்த ஜூனியர் வைக்கிற ஆபீஸ் நோட் மாதிரி அது. நோட் அழகாக இருக்கும். ஆனால் கோப்பு எங்கே, எந்தப் பக்கத்தில் இருக்கிறது, கொடி வைத்திருக்கிறாயா என்று கேட்காமல் எந்த மேலதிகாரியும் கையெழுத்துப் போட்டதில்லை. ஏஐ பதிலின் பக்கத்தில் சுட்டிகள் இருக்கும். அவற்றைத் திறந்து, மூலத்தில் அப்படித்தான் இருக்கிறதா, யார் எழுதியது, எந்த வருடத்தில் என்று பாருங்கள். மாத்திரை விஷயத்தில் மட்டும் அதுவும் வேண்டாம், டாக்டரிடமே போய்விடுங்கள்.

எல்லாம் கூகுளில் இருக்கிறது என்று பேரன்கள் சொல்வதையும் நம்ப வேண்டாம். யாரும் எழுதாததை எந்தக் குறி போட்டாலும் எடுக்க முடியாது. போன மாதம் நம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற முறையைத் தேடிப் பார்த்தேன். தமிழில், ஆங்கிலத்தில், மேற்கோள் குறி போட்டு, போடாமல், ரங்கநாதன் வழியிலும். படங்கள் வந்தன. துண்டு தெரிகிறது. உள்ளே எந்த விரலைப் பிடித்தால் என்ன தொகை, அரை விரல் மடக்கினால் என்ன கணக்கு என்பதை விவரமாக எழுதியவர் ஒருவரும் எனக்குச் சிக்கவில்லை. மச்சானுக்குத் தெரிந்த தரகர் ஒருவர் இன்னும் சந்தைக்கு வருகிறாராம். செவ்வாயும் வியாழனும்தான் சந்தை. வருகிற செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். கூட வருகிறவர்கள் சொல்லியனுப்புங்கள், ஆட்டோவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.